சயாம் கிண்ணம்

மணியம்மை அந்தப் பச்சைக் கிண்ணத்தை முந்தானையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தபோது, இது போலியாக இருக்க வேண்டுமே என்றுதான் நானும் நினைத்தேன். முருகன்மேல் ஆணை.

பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகைக்காரி. புருஷன் முனியன் மலாய்த் தோட்டத்துக்குப் போனவன். அங்கிருந்து ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போட அவனை ஓட்டிக்கொண்டு போனான். பிறகு தகவலே இல்லை. சண்டை முடிந்து ஒரு வருஷம் கழித்து, கூட இருந்த எல்லப்பன் மட்டும் கப்பலேறி வந்தான். மண் வெட்டும்போது முனியன் இந்தக் கிண்ணத்தைத் தோண்டி எடுத்தானாம். வாந்திபேதியில் சாகப்போகும்போது, "பெண்சாதிகிட்ட குடு" என்றானாம். எல்லப்பன் வாயைத் திறந்தாலே புளுகு என்பது ஊரறிந்த சங்கதி. ஆனாலும் கருமாதியைச் செய்துவிடலாம் என்று முனியனின் அண்ணன் துளசிங்கம் நெருக்கினான். இப்போதும் அவன்தான் அவளைக் கூட்டி வந்து, வாசலில் மழைச் சேற்றில் நின்றுகொண்டிருந்தான்.

"நாந்தாங்க பஞ்சாயத்துல சொன்னேன்," என்றாள் மணியம்மை. "இது மண்ணுல கெடந்த பழைய சாமானா இருந்தா தாலிய கழட்டிடறேன். கடையில வாங்கினு வந்த புதுசுன்னா, அவன் சொல்றது அத்தினியும் பொய்யி. எங்க வூட்டுக்காரரு இருக்காரு. நீங்க பாத்து சொல்லுங்க ஐயா."

பட்டணத்து ஏலக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பீங்கான் பார்த்தவன் நான். செலடான் என்று துரைமார் சொல்லும் இந்தப் பச்சைச் சாமானில் சீனம் எது, சயாம் எது, நேற்றுச் சுட்டது எது என்று என்னைக் கேட்டுத்தான் விலை வைப்பார்கள். ஜப்பான் குண்டு பயத்தில் நாற்பத்திரண்டில் இங்கே ஓடிவந்து, முருகன் கோயில் மலையடிவாரத்தில் கற்பூரம் விற்கிறேன். என்ன பிழைப்பு! நாலு வருஷமாக ஒரு நல்ல பீங்கானைத் தொடவில்லை.

கிண்ணத்தை அவள் புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் துலக்கியிருந்தாள். ஒட்டியிருந்த மண்ணெல்லாம் போயிருந்தது. நல்லதாயிற்று, ஒன்றும் சொல்ல முடியாது என்று தள்ளிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் வெளிச்சத்தில் பிடித்தேன். பாசிப்பச்சை. உள்குழியில் பூச்சு வழிந்து கண்ணாடியாகத் தேங்கியிருந்தது. நகத்தை ஓட்டினேன். மண்ணுக்குள் வெகுகாலம் கிடந்ததில் ஒரு பக்கம் அரித்துச் சொரசொரத்தது. கவிழ்த்தேன். பூச்சு ஏறாத செங்காவி அடி, நடுவில் கறுத்த வளையம். சயாம் சூளையில் குழாய்போன்ற மண்தாங்கிமேல் நிறுத்திச் சுட்ட தடம் அது. போலி செய்கிறவன் அதை மையால் வரைவான். எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவள் யார் என்பதே மறந்துபோயிற்று.

"அசல்!" என்று கத்திவிட்டேன். "அசல் சயாம்! ஐந்நூறு வருஷம் இருக்கும்மா!"

என் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை அவள் பார்த்தாள்.

"கிண்ணம் நெசம்னா சாவும் நெசமாயிடுமா?" என்று உளறினேன். "எங்க வேணா எடுத்திருக்கலாம். எல்லப்பன் திருடினு கூட வந்திருப்பான்."

"ஆங்," என்றாள். "பொய்யின்னு சொல்லுவீங்கன்னு நம்பித்தான் ஊராண்ட அப்படிச் சொன்னேன்."

வாசலில் துளசிங்கம் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். கருமாதிக்கு அவசரப்பட்டவன். அவனும் உள்ளுக்குள் வேறொரு பதிலுக்குக் காத்திருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மணியம்மை கிண்ணத்தை எடுத்தாள். பழக்கதோஷம், பாழாய்ப்போன என் வாய் சும்மா இருக்கவில்லை. "பத்திரம்மா, ரெண்டு கையாலயும் பிடி."

சொன்னபடியே பிடித்துக்கொண்டாள். படியிறங்கித் துளசிங்கத்தின் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணீர் தாடையில் வழிந்து சொட்டியது. துடைத்துக்கொள்ளக் கையில்லாமல் நின்றாள்.