இரண்டாம் பாதியின் நேரம்

நாலாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்பது நாள். 1954 மார்ச் எட்டாம் தேதி திங்கட்கிழமை முதல் 1966 ஆகஸ்ட் இருபதாம் தேதி சனிக்கிழமை வரை, இரண்டு நாளையும் சேர்த்து. என் அண்ணன் பரமசிவம் விளையாடிய அரசாங்க ஊழியர் ரக்பி கிளப் அவ்வளவு காலம் இருந்தது. இடையில் வந்த மூன்று லீப் வருடங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

கிளப்பை மூடுவதென்று ஜூலையில் முடிவாயிற்று. சனிக்கிழமைகளில் ஓர் அணிக்கு வேண்டிய பதினைந்து பேர் சேரவில்லை. செயலாளர் தனசேகரன் தண்ணீர்த் துறையில் தலைமை எழுத்தர். அவர் இரண்டு கூட்டக் குறிப்புப் புத்தகங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓவன் ரோட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். எந்தக் கோப்பையும் முறையாகத்தான் மூட வேண்டும், அதனால் கிளப்புக்கு ஒரு வரலாறு வேண்டும், டைப் அடித்து இரண்டு பக்கம் போதும், கடைசிச் சந்திப்பில் வாசித்துவிடலாம் என்றார்.

"சுந்தரி எழுதட்டும் லா. பிஎஸ்சி படிச்ச பொண்ணு. கூட்டாம கொறைக்காம எழுதும்."

அண்ணன் இடது காலை முக்காலியின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். "எழுதுவா. அவ கணக்குத் தப்பாது" என்றார்.

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நிறுவனர்கள் ஏழு பேரின் கையெழுத்து இருந்தது. ஏழில் ஒன்றை யாரோ அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். அடித்த பிறகும் பெயர் தெரிந்தது. யாக்கூப்.

கிளப் தொடங்கலாம் என்று முதலில் சொன்னவரே அவர்தான். அவரும் அண்ணனும் நில அளவைத் துறையில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். வாரம் முழுக்கப் புக்கிட் பாஞ்சாங் பக்கம் புதர்களுக்குள் சங்கிலி இழுத்து அளப்பார்கள். சனிக்கிழமை நகர் நடுவே பாடாங் மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் விளையாடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். நாமும் ஆடலாமே என்று யாக்கூப் சொன்னதும், அண்ணன் அலுவலகக் காகிதத்தின் பின்பக்கத்தில் பெயர்ப் பட்டியல் எழுதியதும் அப்படி நடந்தவை. விதிகள் இரண்டுதான். உறுப்பினர் அரசாங்கச் சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும். மைதானத்தில் யாரும் யாரையும் 'சார்' என்று கூப்பிடக் கூடாது.

முதல் சீருடை, அவர்களுடைய பழைய வெள்ளை ஆபீஸ் சட்டைகள். சலவைக்காரரிடம் கொடுத்துப் பச்சைச் சாயம் ஏற்றினார்கள். மழை பெய்தால் சாயம் இறங்கி ஆட்டக்காரர்களின் கழுத்தும் கையும் பச்சையாகிவிடும். புதுச் சட்டை வாங்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வாங்கியதாகக் குறிப்பு எதுவும் இல்லை.

இதையெல்லாம் ஒரே மாலையில் எழுதிவிட்டேன். 1959 நவம்பர் இருபத்தெட்டுக்கு வந்ததும் நின்றேன்.

அன்று பேரர் பார்க்கில் ராணுவ அணியோடு ஆட்டம். எங்கள் மைதானம் என்பதால் நேரம் பார்க்கும் ஆளை நாங்கள்தான் தர வேண்டும். பல்கலைக்கழகத்தில் அப்போது எனக்கு இரண்டாம் ஆண்டு. ஆய்வுக்கூடத்தின் நிறுத்துகடிகாரத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வரும்படி அண்ணன்தான் சொன்னார். பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். இரண்டாம் பாதியில் முப்பத்தைந்து முடிந்ததும் நான் கோட்டருகே போய் வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்த வேண்டும். அதற்குப் பிறகு பந்து எப்போது வெளியே போனாலும் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிடுவார். என் வேலை அவ்வளவுதான்.

கோட்டோரம் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் ஆண்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து வந்த ஒரு கூட்டம் எனக்குப் பின்னால் நின்று எங்கள் ஆட்களையே கேலி செய்துகொண்டிருந்தது.

"அஞ்சு மணி அடிச்சா பேனாவ மூடுற ஆளுங்க லா இவங்க. டைம் ஆச்சுன்னா பந்தையும் அப்படியே போட்டுட்டுப் போயிருவாங்க பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் அணிக்கு ஆறு புள்ளி, அவர்களுக்கு எட்டு. ஒரே ஒரு முறை அவர்களுடைய கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டால் மூன்று புள்ளி கிடைக்கும். மழை தூறத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் அவர்கள் பக்கமே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். கைக்குட்டையை எடுத்தேன். பந்து ஒரு முறை வெளியே போயிற்று. திரும்ப உள்ளே எறிந்தார்கள். மறுபடியும் போயிற்று.

ரக்பியில் பந்தை முன்னால் இருப்பவருக்கு வீசக் கூடாது, பின்னால் வருபவருக்குத்தான் வீச வேண்டும். யாக்கூப் பந்தோடு என் பக்கம் ஓடி வந்தார். பத்தடி தூரத்தில் வேகம் குறைந்தது. பின்னால் வந்த அண்ணனுக்குப் பந்தை மெதுவாக, உயரமாக வீசினார். குழந்தைக்கு வீசுவது போல இருந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கி மேலே பார்த்தார். இரண்டு சிப்பாய்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் அவர்மேல் விழுந்தார்கள். முழங்கால் பக்கவாட்டில் மடங்கியதை நான் பார்த்தேன். கடிகாரத்தை நிறுத்தினேன். நடுவர் விசில் ஊதிவிட்டு என் பக்கம் திரும்பி நேரம் முடிந்ததா என்று கேட்டார். தலையாட்டினேன்.

அன்றைக்கு நான் இரண்டு முறை ஆம் என்று தலையாட்டினேன். அடுத்தது மருத்துவமனையில். அண்ணனின் கழுத்தெல்லாம் பச்சை. தாதி அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். வலி மருந்தின் மயக்கத்திலேயே அண்ணன் கேட்டார்.

"அவன் பந்த வீசறப்ப டைம் இருந்துச்சுல்ல, சுந்தரி?"

நான் தலையாட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு கிளப்பாக இருந்தால் நாலு நாள் திட்டியிருப்பார்கள், பிறகு விட்டிருப்பார்கள். இவர்கள் அரசாங்க ஊழியர்கள். கோப்பு திறந்தார்கள். ஆபத்தான பாஸ் வீசியதற்கு விளக்கம் கேட்டு, பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் தரும்படி யாக்கூப்புக்குக் கடிதம் போயிற்று. குறிப்பு எண்ணும் தேதியும் போட்டு ஒட்டி வைத்த நகல் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அவருடைய பதில் ஒரே வரி. 'நேரம் முடிந்துவிட்டது என்று எண்ணினேன்.' எதை வைத்து அப்படி எண்ணினார் என்று இன்னொரு கடிதம் கேட்டது. அதற்குப் பதில் இல்லை. அடுத்த பக்கத்தில் தனசேகரனின் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'நேரம் மீதம் இருந்ததாக நேரக் கண்காணிப்பாளர் தெரிவித்துள்ளார். விளக்கம் உண்மையல்ல. பெயர் நீக்கப்படுகிறது.'

என் தலையாட்டல் அண்ணன் வாய்வழியாகப் போய் அப்படித்தான் எழுத்தாயிற்று. என்னை யாரும் நேரில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

அண்ணனை வரைபட அறைக்கு மாற்றினார்கள். புதர், சங்கிலி எல்லாம் போயிற்று. மழை நாளில் முழங்கால் வீங்கும். அப்போது நான் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பேன், அவர் யாக்கூப்பைப் பற்றிப் பேசுவார். கால் போனதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லமாட்டார். "பயந்துட்டேன், அடி விழும்னு உன்கிட்ட தள்ளிட்டேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். பொய் சொன்னான் பாரு, அதான்" என்பார். நான் துணியைப் பிழிந்து மறுபடியும் வெந்நீரில் நனைப்பேன். ஆறு வருடமும் எட்டு மாதமும் இப்படிப் போயிற்று.

வரலாற்றில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டன்லப் ஸ்திரீட்டுக்குப் போனேன். யாக்கூப்பின் மாமா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கிளப்பிலிருந்து பெயர் எடுக்கப்பட்ட பிறகு யாக்கூப் வேறு துறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டதும், ஞாயிறுகளில் கடையில் இருப்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தெரு வழியாகப் போவதையே நான் தவிர்த்துவந்தேன்.

மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, கடைக்குள்ளிருந்து நாற்காலி கொண்டுவரச் சொன்னார். முதலில் அண்ணனின் காலைப் பற்றிக் கேட்டார். படி ஏற முடிகிறதா, மழைக்கு வலிக்கிறதா என்று விவரமாகக் கேட்டார். சொன்னேன். கிளப்பை மூடுவதையும், வரலாறு எழுதுவது நான்தான் என்பதையும், இருபதாம் தேதி அவர் வர வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"நான் வரல, தங்கச்சி. எடுத்த பேரு எடுத்ததாவே இருக்கட்டும்."

அந்தக் கடிதத்துக்கு ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்டேன்.

அவர் எடைத்தட்டை நேராக்கினார். "என்ன எழுதச் சொல்றே? கோட்டுக்கிட்ட ஒரு பொண்ணு கையில கைக்குட்டையப் பார்த்தேன், ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்னா? அப்புறம் அந்தக் கடுதாசி உனக்குல்ல வந்திருக்கும்."

கைக்குட்டையை நான் பாதி வரைதான் தூக்கினேன். கோட்டைத் தாண்டி ஓரடி முன்னால் வைத்திருந்தால் முந்நூறு பேர் என்னைப் பார்த்திருப்பார்கள். பின்னால் நின்றவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். வெட்கம் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அண்ணன் ஜெயிக்க வேண்டும் என்பதும் அதில் கலந்திருந்தது. எது எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

அன்று கடிகாரம் காட்டிய எண்ணை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"எங்கிட்ட எதுக்கு? எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட சொல்லு."

ஒரு பெண்மணி கொத்தமல்லி கேட்டு வந்தார், யாக்கூப் நிறுத்துக் கொடுக்கத் திரும்பினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வரலாற்றை டைப் அடித்தேன். தனசேகரன் இரண்டு முறை வந்து, 1959ஐக் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதினால் போதும் என்று நினைவூட்டினார். நிறுவனர்கள் ஏழு பேர் என்று எழுதி ஏழு பெயரையும் போட்டேன். நவம்பர் இருபத்தெட்டுக்கு ஒரே வாக்கியம்: 'அன்று ஆட்டத்தின் இரண்டாம் பாதி . . . . . . நடந்தது.' எண் வர வேண்டிய இடத்தில், அரசாங்கப் படிவத்தில் இருப்பது போலப் புள்ளி வைத்து விட்டுவிட்டேன். அண்ணனுக்கு முன்னதாகக் காட்டவில்லை. கேட்டபோது இன்னும் முடியவில்லை என்றேன். அது பொய் இல்லை.

இருபதாம் தேதி மாலை பேரர் பார்க்குக்குப் பதினொரு பேர் வந்தார்கள். கடைசியாக ஓர் ஆட்டம் ஆடலாம் என்ற பேச்சு இருந்தது. ஆனால் எதிரணிக்கும் ஆள் சேரவில்லை. பழைய பச்சைச் சட்டையை இரண்டு பேர் போட்டு வந்திருந்தார்கள். பொத்தான் மாட்ட முடியவில்லை. தேநீர் வந்தது. உப்புத் தூவிய ஆரஞ்சுச் சுளைகளும் வந்தன, ஆட்ட நாளில் கொடுப்பது போலவே. நான் சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாக்கூப் வரவில்லை.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு கையைத் தனசேகரன் தோளில் ஊன்றிக்கொண்டு வாசித்தார். சாயக் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். ஏழு பெயர் வந்த இடத்தில், ஆறாவதாக இருந்த யாக்கூப்பின் பெயருக்கு முன்னால் நின்றார். காகிதத்தை மடக்கிவிடுவார் என்று நினைத்தேன். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதையும் வாசித்தார்.

1959க்கு வந்தார். வாக்கியத்தின் நடுவில் குரல் நின்றது. படிவத்தில் காலியிடம் கிடந்தால் அண்ணனுக்குப் பொறுக்காது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"இங்க நம்பர் விட்டுப்போச்சு, சுந்தரி. எவ்வளவு?"

பதினொரு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கோடு போட்டிருந்த இடம் எது என்றுகூடப் புல்லில் இப்போது தெரியவில்லை. நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"முப்பத்தெட்டு நிமிஷம் நாற்பது வினாடி, அண்ணே. யாக்கூப் அண்ணன் பந்த வீசறப்ப டைம் முடிஞ்சிருந்துச்சு. நான்தான் கைக்குட்டைய தூக்கல."