மூன்றாவது தழும்பு

மார்கழிப் பனி கொள்ளிடத்து மணலிலிருந்து மெல்ல எழுந்து, திருவரங்கத்து வீதிகளை நிறைத்து, கோபுரத்தின் நிலைகளை ஒவ்வொன்றாய் மறைத்தது. ஈரக் கோலங்களின் மேல் பாசுர ஓசை மட்டும் தடையின்றி நடந்தது.

மார்கழி இருபத்தேழாம் நாளான கூடாரவல்லிக்கு முந்திய நாள். அடுக்களை வாசல் வரை வந்த கோமளவல்லி உள்ளே போகவில்லை.

சென்ற ஆண்டு அவளுக்கு ஹெபடைடிஸ் சி என்று தெரிந்தது. மகன் பிறந்தபோது ஏற்றிய இரத்தத்தில் வந்திருக்கலாம். அந்நாளில் இரத்தத்தில் இக்கிருமியைத் தேடும் வழக்கம் இல்லை. ஓசையின்றி ஈரலை அரித்திருக்கிறது. உணவால் பரவாது என்று மருத்துவர் சொல்லியும், பெருமாளின் அமுதைத் தொட அவள் மனம் ஒப்பவில்லை. மூன்று மாதம் மாத்திரை. பின்னும் மூன்று மாதம் காத்திருப்பு. இறுதிச் சோதனையில் கிருமி இல்லை. கூடாரவல்லியன்று அக்காரவடிசலோடு அடுக்களைக்குத் திரும்புவதாக வேண்டிக்கொண்டாள். அதற்குள், கண்புரை அறுவைக்கு முன் எடுத்த இரத்தச் சோதனை மீண்டும் 'பாசிட்டிவ்' என்றது.

"நாளைக்கும் தளிகையை நீங்களே பண்ணிடுங்கோ" என்றாள் கணவர் திருநாராயணனிடம்.

"என் தளிகையைப் பெருமாள் இத்தனை நாள் பொறுத்துண்டதே அதிகம். கிளம்பு, டாக்டரையே கேட்டுடலாம்."

திருச்சி புத்தூரில், அவளுக்கு மாத்திரை கொடுத்த மருத்துவர் இர்பானா இரண்டு முடிவுகளையும் பார்த்தார்.

"அம்மா, கண் ஆஸ்பத்திரியில எடுத்தது கிருமியைத் தேடுற டெஸ்ட் இல்லை. கிருமியை எதிர்த்து உங்க உடம்பு உண்டாக்கினதைத் தேடுறது. குணமான பிறகும் அது ரத்தத்துல இருக்கும். கிருமியையே தேடின டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லை. நீங்க குணமாயிட்டீங்க."

கோமளவல்லி தன் தோளைத் தொட்டாள். "ஆச்சாரியர் ரெண்டு தோள்லயும் சங்கு சக்கரம் பொறிச்சப்போ சுட்டுது. சூடு போயிடுத்து, தழும்பு இருக்கு. அப்படியா?"

"அப்படியேதாம்மா. ஜெயிச்சதுக்கு அடையாளம். புதுசாத் தொத்தாம மட்டும் பாத்துக்கங்க."

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். "உங்களுக்கு ரெண்டு தழும்புதான். எனக்கு மூணு!"

திருநாராயணன் மனைவியைப் பார்த்த பார்வையில், ஒரு போரை வென்று மீண்டவரை வரவேற்கும் பெருமிதம் இருந்தது.

மறுநாள் விடியலில் பாலில் குழைந்த அரிசியும் வெல்லமும் நெய்யும் வீடெங்கும் மணந்தன. கோமளவல்லி வெள்ளிப் பாத்திரத்தைப் பெருமாள் முன் வைத்து, ஒரு துளசி இலை சேர்த்து, திரையை இழுத்துவிட்டுக் கைகூப்பி நின்றாள்.

"அந்த டாக்டர் பொண்ணும், அவ கை பட்டவா எல்லாரும் நன்னா இருக்கட்டும்."