மாடியறைக் கட்டில்கள்

வேலைக்குப் போகும் வழியில் மாரிட் தினமும் பள்ளிக்கூட வாசலுக்குப் போய், பிள்ளைகளை இறக்கிவிடும் கார் வரிசையில் நின்றுகொள்வாள். இறக்கிவிட அவளுக்குப் பிள்ளை கிடையாது. வரிசை பனிச்சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து முன்னேறும். தன் முறை வந்ததும் பின்னிருக்கைப் பக்கம் திரும்பி, "கையுறை போட்டாச்சா ரெண்டு பேரும்? எய்டர், மூக்கைத் துடை" என்பாள். பிறகு பல் மருத்துவரிடம் வேலைக்குப் போய்விடுவாள். ஆரம்பத்தில் முறைத்த ஆசிரியைகூட இப்போது கையசைத்து அனுப்பப் பழகிவிட்டாள். அமெரிக்காவின் மினசோட்டாவில் அது சின்ன ஊர். யார் வீட்டில் என்ன ஏக்கம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகள் கொலம்பியாவில், மலைமேல் ஒரு விடுதியில் இருந்தார்கள். நயிபேவுக்குப் பத்து வயது, தம்பி எய்டருக்கு ஐந்து. தத்தெடுக்கும் காகிதங்கள் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்க, ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து வந்ததும் வீடியோவில் அவர்களைப் பார்ப்பதுதான் மாரிட்டுக்கும் அவள் கணவன் லைலுக்கும் மிச்சம். எய்டர் ஓயாமல் பேசுவான். பல் விழுந்த ஓட்டையைத் திரையில் ஒட்டவைத்துக் காட்டுவான். நயிபே மட்டும் வாயே திறப்பதில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டு, தம்பியின் காலரைச் சரிசெய்துகொண்டிருப்பாள். கனவில் மட்டும் அவள் நிறையப் பேசினாள். எந்த மொழியில் என்று விழித்ததும் மாரிட்டுக்கு நினைவிருக்காது.

வருகிற வாரம் அங்கே ஓர் அதிகாரி நயிபேவைத் தனியே உட்காரவைத்து, போகச் சம்மதமா என்று கேட்கப்போகிறார். அவள் மாட்டேன் என்றால் இருவருமே இல்லை. அதை நினைத்து மாரிட்டுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. லைல் சாலையில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவன், எதற்கும் பதறாதவன். "உன்னப் பாக்க வந்த புதுசுல உங்கப்பா எங்கிட்ட ஒரு வருஷம் பேசல. அப்புறம் வாய மூடினாரா மனுஷன்?" என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு, பேச்சை மொழிபெயர்க்கும் விடுதிப் பெண் மிரெயா பிள்ளைகள் வருவதற்கு முன்பே திரைக்கு வந்தாள். நயிபே நேற்று வாய்விட்டு ஒன்று கேட்டாளாம்.

"அந்த வீட்டுக் கட்டில்ல ஏற்கெனவே ரெண்டு பசங்க இருக்காங்களே மிஸ், நாங்க எங்க படுக்கிறதுன்னு கேட்டா."

மாரிட்டுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், தான் அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு அனுப்ப வீட்டுப் படங்கள் கேட்டிருந்தார்கள். மாடியறையை வெறுமனே எடுத்துப் பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. தங்கையின் பையன்களைக் கூட்டிவந்து, கட்டில்மேல் ஏறிக் குதிக்கச் சொல்லி எடுத்தாள். சன்னலில் பனி வெளிச்சம், நடுவில் சிரித்துக்கொண்டு இரண்டு பையன்கள். அழகாக வந்த படம்தான். முன்பு விடுதி இருக்கும் ஊரிலேயே ஒரு வீட்டில் நயிபேவையும் எய்டரையும் வைத்திருந்தார்கள் என்றும், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் மிரெயா சொன்னாள். பிள்ளையாரைப் பிடிக்கப்போய்க் குரங்கான கதை என்பது இதுதான்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் மாரிட் போனோடு மாடிக்கு ஓடினாள். கட்டில்களைக் காட்டினாள், போர்வையை உதறிக் காட்டினாள், குனிந்து அடியிலும் காட்டினாள். அந்தப் பையன்கள் என் தங்கை பிள்ளைகள், விளையாட வந்தவர்கள், இங்கே யாருமே படுத்ததில்லை என்று மூச்சிரைக்கச் சொன்னாள். மிரெயா அத்தனையையும் மாற்றிச் சொன்னாள். நயிபே கண் கொட்டாமல் பார்த்திருந்துவிட்டு அவள் காதில் ஏதோ சொன்னாள்.

"போனைத் தலகாணில வைக்கணுமாம். படுத்தா என்ன தெரியும்னு பாக்கணுமாம்."

மாரிட் வைத்தாள்.

"இப்ப நீங்க ரெண்டு பேரும் வெளிய போகணுமாம். கதவச் சாத்திட்டு."

"நம்ம வீட்டுலயே நம்மள வெளிய தள்ளுறா பாரு" என்றான் லைல். அவன் குரலில் பெருமை இருந்தது. மாரிட்டுக்கோ அந்த முகத்தை விட்டு அகல மனமில்லை. இன்னும் சொல்ல எவ்வளவோ இருந்தது. இருந்தும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. பிறகு போனிலிருந்து ஒரு குரல் வந்தது. மாரிட் கனவில் கேட்ட குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, தம்பியை மிரட்டுகிற, எதையோ சுட்டிக்காட்டி விளக்குகிற அக்காவின் குரல். எய்டர் களுக்கென்று சிரித்தான். கூரை விரிசலைப் பற்றியோ, சன்னலில் தெரியும் மரத்தைப் பற்றியோ, யார் எந்தக் கட்டில் என்பது பற்றியோ இருக்கலாம், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மாடியறையில் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். மாரிட்டுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

லைல் கைப்பிடியில் கை வைத்தான். அவள் அவன் கையை விலக்கிவிட்டு, விரல் மடக்கி மெதுவாகத் தட்டினாள்.

பேச்சு நின்றது. அந்தக் கரகரப்பான குரல் கதவைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னது. மாலை வகுப்பில் கற்ற அரைகுறை ஸ்பானிஷ் போதும், மாரிட்டுக்கு அது யாரும் சொல்லாமலே புரிந்தது.

"இருங்க."

அவள் மேல்படியில் உட்கார்ந்தாள். லைல் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.