வலது கைக் கோடு

"பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டுங்க அண்ணாச்சி, கை விலகுது" என்று சொல்லி, கிழித்த வெள்ளைத் துணியை நீட்டினான் தம்பி நாகேஸ்வரன்.

குற்றாலலிங்கம் குனிந்து, மனைவியின் கைகள் இரண்டையும் வயிற்றின் மேல் கொண்டுவந்து ஒன்றாக வைத்தார். மிளகாய் மூட்டைக்கு வாய் கட்டியே பழகிய விரல்கள் அவருடையவை. ஆரியசாலை மண்டியில் அவர் போட்ட முடிச்சு கொல்லம் போனாலும் அவிழாது. இந்த முடிச்சு விழவே இல்லை. முடிச்சைப் பார்க்க வேண்டிய கண் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொன்செல்வி நேற்றுக் காலை வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிள்ளிப்பாலத்தில் ஒரு மாடி அறையில் நெயில் ஸ்டூடியோ வைத்திருந்தாள். ஜெல் பூசுவது, முனை எழுதுவது, கல்யாணப் பெண்களுக்கு முத்து ஒட்டுவது. அதில் அவளுக்கு மிகவும் பிடித்தது நகமுனையில் வெள்ளைக் கோடு போடும் பிரெஞ்சு மேனிக்யூர்தான். பிடித்தது என்றால் எல்லாரும் போடுவது போல அல்ல. "முனையில பட்டையா வெள்ளை அடிக்கிறது செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. கோடு மெலிஞ்சாத்தான் அழகு" என்பாள். சாப்பிடும்போது போனை நீட்டிப் புதுசு புதுசாகக் காட்டுவாள். காப்பி நிறத்தில் முனை, ஒரு பக்கமாகச் சாய்ந்த முனை, முனையை விட்டுவிட்டு நகத்தின் அடியில் பிறை. அவர் குண்டூர் மிளகாய் விலையைப் பார்த்துக்கொண்டே "கொள்ளாம், நல்லாருக்கு" என்பார்.

இப்போது அவள் நகங்களில் பால் கலந்த ரோஜா நிறம். முனையில் வெள்ளைக்குப் பதிலாக நல்ல வற்றல் மிளகாயின் ஆழ்ந்த சிவப்பு, மயிரிழைக் கோடாக. துணியால் கட்டுவதற்காக இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததும்தான் அவருக்குத் தெரிந்தது. இடது கையில் கோடு நடுவே லேசாகப் பருத்திருந்தது. அது அவள் கை. கோலம் போட்டாலும் கையெழுத்துப் போட்டாலும் நடுவில் ஓர் அழுத்தம் விழும். வலது கையில் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக ஓடி, ஓரங்களில் பூனை மீசை போலக் கீழே இறங்கியது.

மேலே ஒரு ஊர்ச் சரக்கு, கீழே இன்னொரு ஊர்ச் சரக்கு. மூட்டைக்குள் கைவிட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார் குற்றாலலிங்கம். அவரை ஏமாற்ற முடியாமல் விருதுநகர்க்காரர்களே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

பொன்செல்வி வலக்கைக்காரி. இடது கைக்கு அவளே போட்டுக்கொள்ளலாம். வலது கைக்குப் போட இன்னொரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது?

"கட்டியாச்சா?" என்றான் நாகேஸ்வரன். "தைக்காட்டுச் சுடுகாட்டுல நமக்கு மூணு மணிக்கு டைம். தாமசிச்சா அடுத்த ஆளுக்குக் கொடுத்திருவான்."

அவர் முடிச்சை இறுக்கினார். மூணு மணிக்குப் பிறகு அந்தக் கை இருக்காது. கோடும் இருக்காது. அதற்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அவளை அனுப்பிவிட்டால் மிச்ச நாளெல்லாம் எதிரே வருகிறவன் விரல்களைப் பார்த்தே நடக்க வேண்டியிருக்கும்.

அவருடைய பெரியம்மா பார்வதியம்மாள் பஞ்சும் ஒரு சின்னக் குப்பியுமாக வந்து உட்கார்ந்தாள்.

"இந்தச் சாயத்தத் தொடச்சிருவோம் ராசா. மஞ்சளும் குங்குமமுமாப் போறவளுக்கு இது எதுக்கு?"

"அது ஜெல்லு ஆச்சி" என்றாள் மகள் ஆர்யா, அழுது வீங்கிய முகத்தோடு. "தொடச்சாப் போவாது. ஊறப் போட்டு அராவணும்."

"ஊற வேற போடணுமா? என்னட்டீ, தோசைக்கு அரிசியா?"

"விடுங்க பெரியம்மா, இருக்கட்டும்" என்றார் குற்றாலலிங்கம். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. பொண்டாட்டி மேல் எவ்வளவு பிரியம் என்று பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அது பிரியமா, தடயத்தைக் காப்பாற்றுவதா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

பெரியம்மா எழுந்து போனதும் மகளிடம் குனிந்தார். "அம்மாவுக்கு வலது கையில யாருட்டீ போட்டுவிடுவா?"

"ஏம்பா இப்ப?"

"சும்மாதான்."

"ஆர்ஷா சேச்சியா இருக்கும்."

நெயில் ஸ்டூடியோவில் உதவிக்கு இருந்த ஆர்ஷா, சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்.

"நான் இல்ல முதலாளி. செல்வி சேச்சி நகம் அராவுறது மட்டும்தான் எங்கிட்டத் தரும். நீ கோடு போட்டா நம்ம சாலைக் கடைத்தெரு ரோடு மாதிரி குண்டும் குழியுமா இருக்கும்னு சேச்சி சிரிக்கும்."

"அப்போ யாரு?"

"செவ்வாய்க்கிழமை கடை லீவ் அல்லே? புதன்கிழமை வரும்போ புதுசாயிட்டு இருக்கும். நான் கேட்டா, ஒரு ஆளு உண்டுன்னு மட்டும் சொல்லும்."

ஒரு ஆள்.

செவ்வாய்க்கிழமை மதியம் "கரமனை வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று பொன்செல்வி கிளம்புவாள். வரும்போது சூடான நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம் கொண்டுவருவாள். அதைக் கொறித்துக்கொண்டே அவர் ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறார். வருஷக்கணக்காக லஞ்சம் வாங்கித் தின்றது போல இப்போது தோன்றியது.

அந்த நேரத்தில்தான் பிரஜின் மலர்வளையத்தோடு வந்தான். கடை கடையாகப் போய் ஜெல் குப்பிகள் விற்கிறவன். சின்ன வயசு, படிய வாரிய தலை, நறுமணம் வேறு. வளையத்தை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். கொள்முதல் விலைக்கே தருகிறேன் என்று வந்து நிற்கிறவனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தார் குற்றாலலிங்கம். இவனுக்கு இதில் என்ன லாபம்?

எழுந்து போய் அவன் இரண்டு கைகளையும் ஆறுதலாகப் பற்றுவது போலப் பற்றி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். பத்து விரலிலும் நகம் சதையோடு கடிக்கப்பட்டிருந்தது. விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. இவன் நேர்கோடு போட்டால் அது சங்குமுகம் கடலலைதான்.

"சேச்சி எப்பவும் கையிலே அடிக்கும் அண்ணாச்சி" என்று விம்மினான் பிரஜின். "நகச் சாமான் விக்கிறவனுக்கு நகமே இல்லையேடான்னு."

அடித்திருக்கிறாள். அதாவது தொட்டிருக்கிறாள். குற்றாலலிங்கம் அவன் கைகளை விட்டார். இவன் இல்லை என்பதில் நிம்மதி வர வேண்டும். வந்தது ஏமாற்றம்.

வெயில் ஏற ஏற வாடிக்கைக்காரப் பெண்கள் வந்தார்கள். மண்டிச் சந்துக்குள் கார் வராது என்பதால் முனையில் இறங்கி, மூட்டைகளுக்கு இடையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். பட்டம் ஏரியாவிலிருந்து ஒரு டாக்டரம்மா, சாய்ந்த வெள்ளை முனையோடு. வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தி, இரட்டைக் கோட்டோடு. போன மாதம் கல்யாணமானவள், முத்துப் பளபளப்பின் மேல் இழைத் தங்கத்தோடு. எல்லாக் கோடும் நடுவில் லேசாகப் பருத்திருந்தது. ஊரில் பாதிப் பெண்களின் கையை அவள் பிடித்திருக்கிறாள். அதில் அவருக்குச் சங்கடமில்லை, அது வியாபாரம். அவள் கையைப் பிடித்தது யார் என்பதுதான் கேள்வி.

அவர் எப்போது பிடித்தார்? ஆற்றுக்கால் கோயில் பொங்காலைக் கூட்டத்தில் பிடித்த ஞாபகம் இருந்தது. அதுவும் அவள் கையில் வீட்டுச் சாவி இருந்ததால்தான்.

"வாய்க்கரிசி போடுறவங்க வரலாம்" என்று குரல் கேட்டது.

பெண்கள் வரிசையாக வந்தார்கள். குற்றாலலிங்கம் தலைமாட்டில் போய் நின்றுகொண்டார். அரிசியை எல்லாரும் வலது கையால்தான் போட்டாக வேண்டும். ஒவ்வொரு வலது கையும் அவர் கண்ணுக்குக் கீழே வந்து, அவள் உதட்டருகே கவிழ்ந்து, திரும்பிப் போனது. அழுகிற முகம் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. மஞ்சள் கறை படிந்த நகம், சொத்தை நகம், மருதாணி நகம்.

பிறகு அந்தக் கை வந்தது.

மெலிந்த, நரம்போடிய, ஐம்பது வயதுக் கை. பால் ரோஜா நிறம், வற்றல் சிவப்புக் கோடு, நடுவில் பருத்தது. பொன்செல்வி போட்ட கோடு. அரிசியைப் போட்டுவிட்டு அந்தக் கை உடனே திரும்பவில்லை. கீழே இறங்கி, பொன்செல்வியின் வலது சுண்டுவிரல் மடங்கியிருந்ததைத் தன் விரல் நுனியால் நிமிர்த்திவிட்டது. தினமும் செய்கிற வேலை போல அவ்வளவு சாதாரணமாக.

அவர் அந்தப் பெண்ணின் இடது கையைத் தேடினார். அரிசிக் கிண்ணத்தைப் பிடித்திருந்தது. அதில் கோடு சீராக ஓடி ஓரங்களில் பூனை மீசையாக இறங்கியது.

களவு பிடிபட்டுவிட்டது. ஆனால் கள்ளன் என்று மனசுக்குள் அவர் நிறுத்தி வைத்திருந்த ஆளுக்கும் இதற்கும் ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் மூக்குத்தி, நூல் புடவை, நெற்றியில் சின்னக் கீற்று.

பின்னாலேயே போய் மாடிப்படிக்குக் கீழே அவளை நிறுத்தினார்.

"நீங்க யாருன்னு…"

"சாவித்ரி. கரமனை அக்ரஹாரம். ஆத்துலயே சின்னதா ஒரு பார்லர் வெச்சிண்டிருக்கேன்." அவர் முகத்தைப் பார்த்தாள். "செல்வி சொல்லியிருப்பாளே?"

"சொல்லல."

"ஓ." புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "மொதல்ல நாங்க ரெண்டு பேரும் எதிராளிகளா இருந்தோம். ஒரே கல்யாண ஆத்துல போய் நின்னோம். அவ ரேட்டைக் கொறச்சா. நான் அதுக்கும் கீழ கொறச்சேன். அவ மறுபடியும் கொறச்சா. இப்படியே போய், பொண்ணோட அம்மா ரெண்டு பேரையும் வேண்டான்னுட்டா. வாசல்ல வந்து சிரியோ சிரின்னு சிரிச்சோம்."

பொன்செல்வி விலை குறைத்தாளா? வீட்டில் ஒரு பைசா குறைக்க மாட்டாளே. 

"அப்பதான் என் வலது கையை அவ பார்த்தா. அவளோடதை நான் பார்த்தேன். ரெண்டும் கோணல். இந்தத் தொழில்ல எல்லாருக்கும் வலது கை கோணல்தான், கேட்டேளா. அதுலேருந்து செவ்வாக்கிழமை வருவா. என் வலது கைக்கு அவ, அவ வலது கைக்கு நான்."

"அவ்வளவு நேரமும் என்ன பேசுவீங்க?" விலை விசாரிப்பது போலக் கேட்டுவைத்தார்.

"கோடு போடறச்சே பேசப்படாது. மூச்சு விட்டாலே ஆடும். கையைப் பிடிச்சிண்டு சும்மா இருப்போம். முடிஞ்சா காப்பி குடிப்பா, கிளம்பிடுவா."

பேசியிருந்தால் என்ன பேசினார்கள் என்று தோண்டலாம். பொய் என்று தள்ளலாம், பாதிக்கு வாங்கலாம். ஒரு மத்தியானம் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்ததற்கு எதிராக அவரிடம் என்ன சரக்கு இருந்தது? வீட்டில் அவள் வாய் ஓயாது. சும்மா இருப்பாள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

"என்னப் பத்தி ஏதாவது?"

"கொறையா ஒண்ணும் சொன்னதில்லே."

"நல்லதா?"

சாவித்ரி தெருப் பக்கம் பார்த்தாள். தலைச்சுமைக்காரன் ஒருவன் புளிக் கூடையோடு நின்று, சாவு வீட்டைத் தாண்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

குற்றாலலிங்கம் அவள் வலது கையைக் காட்டினார். "இது எத்தன நாள் நிக்கும்?"

"நகம் வளர வளர மேல ஏறிடும். அப்பறம் வெட்டித்தான் ஆகணும்."

"வெட்டுறதுக்கு முந்தி ஒரு தடவை வாங்க. மகளுக்குக் காட்டணும்" என்றார். மகள் கேட்கவே இல்லை. சாவித்ரிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"பாக்கலாம்" என்றாள்.

ஆரியசாலையில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அவரே எத்தனையோ பேரை அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாமா என்று வாயெடுத்தார். எதை ஏற்றுவது என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, தூக்கணும்!"

வண்டி சந்து முனையில் நின்றது. அதுவரை தோளில்தான் போக வேண்டும். முன்பக்க மூங்கிலுக்கு அவர் தோள் கொடுத்தார். பெண்களின் அழுகை ஒரேயடியாக எழுந்தது. மண்டிக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நின்றார்கள். சில அடிகள் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"முன்னால பாத்து நடங்க" என்றான் நாகேஸ்வரன். "ஓடை மூடி திறந்து கெடக்கு."

அவர் மறுபடியும் திரும்பினார். வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். பெரியம்மா ஆர்யாவைப் பிடித்திருந்தாள். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, புளிக் கூடைக்காரனுக்குப் பக்கத்தில் சாவித்ரி. இடது கையால் வாயைப் பொத்தியிருந்தாள். வலது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றி, விரல் நுனிகூடத் தெரியாதபடி, மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.