தெரியாத முகம்

தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் தனியார் பேருந்து ஒன்றில் செழியன் நடத்துனர். எவ்வளவு கூட்டமானாலும் யாருக்கு டிக்கெட் கொடுத்தாயிற்று, யார் இப்போதுதான் ஏறியவர் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆடி மாதம் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவன் வலிப்பு வந்து கூடத்தில் விழுந்தான். மனைவி கனிமொழி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சீக்கிரமே தேறி வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் வேலைக்கும் கிளம்பினான்.

அன்று கண்டியூரில் ஏறியவர்கள் எல்லோரும் அவனுக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்களாகவே தெரிந்தார்கள். நடவுக்குப் போகும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், கறிவேப்பிலைக் கட்டோடு நின்ற ஒருவர், அத்தனை பேரும் பழகிய முகங்கள். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. நடுக்காவேரியில் செக்கர் ஏறியபோது பாதிப் பேரிடம் டிக்கெட் இல்லை.

"ஒடம்பு இன்னும் சரியாகல போலருக்கு தம்பி. கொஞ்ச நாள் வீட்ல இரு. மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் ஓட்டுநர் இராஜாங்கம்.

அந்த ஆவணியில் திருவிடைமருதூரில் கனிமொழியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவரின் கையைச் செழியன் பிடித்துக்கொண்டான். "மாமா, எப்ப வந்தீங்க? பாத்து எவ்வளவு நாளாச்சு."

அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர், கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். "யாருன்னு தெரியலீங்களே" என்றார் சங்கடத்தோடு. செழியன் கையை விடவில்லை. கனிமொழி வந்து அவனை மண்டபத்துக்குப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"அவர எங்க பாத்தீங்க?"

"தெரியல. ஆனா நல்லாத் தெரியும் அவர."

"பேரு என்ன?"

"அதுவும் தெரியல. ஆனா எல்லாரையும் தெரியுது கனி. பரிமாறுறவர, போட்டோ எடுக்குறவர, எல்லாரையும்" என்றான்.

தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் மர்யம் அவனுக்குச் சில படங்களைக் காட்டினார். பிறகு அவற்றோடு புதிய முகங்களைக் கலந்து காட்டி, எதையெல்லாம் முன்பே பார்த்தீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் பார்த்ததாகச் செழியன் சொன்னான். எவ்வளவு உறுதியாக என்று கேட்டதற்கு, "சத்தியமா" என்றான்.

"தெரிஞ்ச முகம்னு தோணுறது ஒண்ணு. எங்க பாத்தோம், என்ன பேசினோம்னு ஞாபகம் வர்றது இன்னொண்ணு. மூளையில ரெண்டும் தனித்தனியா நடக்குது" என்றார் மர்யம். "உங்க ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. வலிப்பு வந்ததுல மொதலாவதுதான் கெட்டுப்போயிருக்கு. அது யாரப் பாத்தாலும் தெரியும்னு சொல்லுது."

"ஆனா அவ்வளவு உறுதியா இருக்கே டாக்டர்."

"இருக்கும். அத நம்பாதீங்க. எங்க பாத்தோம்னு உங்களையே கேட்டுப் பாருங்க. பதில் வரலன்னா தெரியாதவர்னு வச்சுக்குங்க. மாத்திரையில மெதுவா சரியாகும்."

அன்று சாயங்காலம் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கனிமொழி தலை நிமிராமல் கேட்டாள்.

"என்னப் பாக்குறப்பவும் அப்படித்தான் இருக்கா? ரோட்ல போறவங்களப் பாக்குற மாதிரி?"

செழியனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமா. அதே மாதிரிதான் இருக்கு."

அவள் கை நின்றது.

"ஆனா அவங்களுக்கெல்லாம் மொகத்தோட நின்னுபோயிருது கனி. ஒனக்கு நிக்க மாட்டேங்குது, ஞாபகம் வந்துக்கிட்டே இருக்கு. பூம்புகார்ல ஒன் செருப்ப அலை இழுத்துட்டுப் போயிருச்சு. ஒத்தச் செருப்பக் கையில வச்சுக்கிட்டு, மணல் சுடுதுன்னு என் கால் மேல ஏறி நின்ன. உங்கப்பா போன அன்னைக்கு, வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்த, ஒரு சொட்டு அழல. மறுநா அடுப்படியில டம்ளரக் கழுவுறப்பதான் அழுத. நான் பின்னாடியே நின்னேன், ஒனக்குத் தெரியாது."

கனிமொழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேல சொல்லுங்க" என்றாள்.

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். உருவாத கீரை முறத்திலேயே கிடந்தது.

மருந்தை இரண்டு தடவை மாற்றினார் மர்யம். தாளடி நடவு முடிந்தது. சம்பாக் கதிர் பால் பிடித்தது. பொங்கல் கழித்து வேலைக்கு வரலாம் என்று முதலாளி சொல்லியனுப்பினார். ஆனாலும் தெருவில் போகிறவரெல்லாம் செழியனுக்குச் சொந்தக்காரராகத்தான் இருந்தார்கள். எங்கே பார்த்தோம் என்று கேட்டுக் கேட்டு, வணக்கம் சொல்லவந்த கையை இறக்கிக்கொண்டான்.

மார்கழி முடிவில் இருவரும் மருத்துவரைப் பார்க்கப் பேருந்தில் போனார்கள். வரகூரில் பூச்சிமருந்து தெளிக்கும் டேங்கை முதுகில் மாட்டியபடி ஒருவர் ஏறினார். செழியன் அவரைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். பிறகு கனிமொழியின் பக்கம் சாய்ந்தான்.

"அந்த ஆள் யாரு கனி?"

"தெரியலையே. ஏன்?"

"எனக்கும் தெரியல."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் பார்ப்பதைக் கவனித்த அந்த மனிதர், "என்னங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றான் செழியன். அவன் கண் கலங்கியிருந்தது. "உங்கள நான் பாத்ததே இல்ல."

அவர் சிரித்துவிட்டு, டேங்கை இறக்கிக் காலுக்கடியில் வைத்தார். செழியன் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தான்.