மல்சூனின் ஏப்பமும் ஊராரின் தேன் ஜாடிகளும்

தொல்கோல் மலையூரில் ஹா மல்சூன் பாட்டி ஏப்பம் விட்டால் மூன்று வீடு தள்ளித் தேன் கசக்கும். ஏழாவது வீட்டு நாய் தூக்கத்தில் முகம் சுளித்தது என்பார்கள். அது கொஞ்சம் கூடுதல், ஐந்தாவது வீட்டு நாய்தான்.

இது தெரியவருவதற்குள் மூன்று குளிர்காலம் ஊரார் போட்ட கோஸ் ஊறுகாயான கிம்ச்சி முழுக்கக் கசந்துபோனது. பனி விழும் முன் பெண்கள் எல்லோரும் கூடி மூவாயிரம் கோஸுக்கு மிளகாய்க் கலவை தடவுவார்கள். தொட்டி தொட்டியாகக் குனிந்து ருசி பார்ப்பது மல்சூனின் முப்பது வருட உரிமை. கைக்குக் கை ருசி மாறும் என்பது அங்கே ஊர் நம்பிக்கை. அதனால் கசந்ததும் எல்லோரும் கைகளைத்தான் பார்த்தார்கள். ருசி பார்த்த வாயை யாரும் சந்தேகப்படவில்லை. புதிதாக வந்திருந்த கை ஒன்றுதான்: மல்சூனின் மருமகள் ஓக்புன், கடற்கரைக்காரி.

முதல் வருடம் அவளை நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வைத்தார் மல்சூன். மறு வருடம் கையுறை மாட்டிவிட்டார். மூன்றாம் வருடம் சமையலறையில் வைத்துப் பூட்டினார். அந்த வருடக் கிம்ச்சியைத் தின்ற காட்டுப்பன்றி மலையையே காலிசெய்துவிட்டுப் போனது.

"தள்ளி இருந்தே செய்யறாடி, கைகாரி," என்றார் மல்சூன், பக்கத்து வீட்டில். வசந்தத்துக்குள் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னார் மகனிடம். ஓக்புன் மூட்டை கட்டத் தொடங்கினாள்.

தனக்கு நெஞ்செரிவதும் பச்சையாக வாந்தி வருவதும்கூட மருமகள் வேலைதான் என்று மல்சூனுக்கு உறுதி. அதற்குச் சாட்சி வாங்கவே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் தொண்டை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டு, பிறகு படத்தைக் காட்டினார். குடலில் கீழே தள்ளித் திறக்கவேண்டிய பித்தக்குழாய், இரைப்பையின் வாசலை ஒட்டியே திறந்திருந்தது. அங்கிருந்து மூன்று வருடமாகப் பித்தம் ஊற்றாகப் பொங்கி மேலே ஏறியதில் சுற்றிலும் புண்.

"இந்தக் குழாயை அவ எப்போ மாட்டினா?"

"அம்மா, இது நீங்க பொறந்தப்பவே இருக்கு. உங்க மருமக அப்போ பொறக்கவே இல்ல."

மல்சூன் ஓர் ஏப்பம் விட்டார். "அவ அம்மா?"

"அவங்களும்தான்," என்ற டாக்டர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். எட்டு நாளைக்கு அவர் நாக்குக்குச் சர்க்கரையும் கசந்தது.

வீடு திரும்பியபோது வாசலில் மூட்டையோடு ஓக்புன். மல்சூன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்.

"வர்ற குளிருக்கு நீ ருசி பாரு. நான் காத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறேன்."

"சரி அத்தை."

மருந்தில் புண் ஆறியது; பித்தக்குழாயின் வாய் இருந்த இடத்திலேயே இருந்தது. கிம்ச்சி இனித்தது. மல்சூன் வீட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் தொல்கோலில் இன்றும் தேன் ஜாடியை மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறார்கள்.