இரண்டாம் வரியில் ஒரு பெயர்

ஜெயசுதாவின் கணினித் திரையின் கீழ்விளிம்பில் ஒட்டப்பட்டிருந்த வெள்ளைச் சீட்டை ராஜாம்பாள் முதலில் நின்றபடியே படித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, மறுபடியும் படித்தாள். முதல் வரியில் ‘ஜெயசுதா, கணக்குப் பிரிவு’ என்றிருந்தது. இரண்டாம் வரியில் ‘மாற்றுப் பயனர்: கலைமதி’ என்றிருந்தது.

பல்கலைக்கழகத்தின் செஞ்சி வளாகத்தில் அந்த வாரம் முழுவதும் இதே பேச்சுதான். பணியாளர் ஒவ்வொருவரும் தம் கணினியை வளாக இணையத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பதிவாகாத கணினிக்குத் திங்கட்கிழமை முதல் இணைப்பு கிடையாது. கட்டடத்தின் முதுகுக்குப் பின்னால் பாறை எழும்பி நிற்பதால் கைப்பேசியில் பேசுவதற்கே வேப்பமரத்தடிக்குப் போக வேண்டிய இடம் அது. அங்கே கம்பி வழியாக வருவதுதான் இணையம். ஒரு கணினிக்கு ஒருவர் பொறுப்பு. அவர் விடுப்பில் போனால் வேலை தடைப்படக் கூடாது என்பதற்காக, அதைத் திறக்கும் உரிமை இன்னும் ஒருவருக்கு உண்டு. அந்த ஒருவர் யார் என்பதைப் பொறுப்பாளரே சொல்ல வேண்டும். எவருக்கு எவர் நெருக்கம் என்பதை அச்சடித்து ஊர் பார்க்க ஒட்டிவைக்கும் ஏற்பாடு இது என்று, விதியை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

“இன்னா ராஜி, ஒரே சீட்ட இவ்ளோ நேரமா படிக்கிற? பரிட்சை எழுதப் போறியா?” என்றாள் ஜெயசுதா, சம்பளப் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

“எழுத்து பொடிப்பொடியா இருக்குது.”

“உன்னுதுக்கு ஆதவன் வந்துட்டானா?”

“இன்னும் வரல.”

ஒரு விளக்கம் வரும் என்று ராஜாம்பாள் சற்று நேரம் காத்து நின்றாள். வரவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால், கேட்டுப் பெறுகிற இடம் தனக்கு வேண்டாம் என்ற வீம்போடு தேர்வுப் பிரிவுக்குத் திரும்பினாள்.

கலைமதி வல்லத்துப் பெண். தை மாதம்தான் உதவித்தொகைப் பிரிவில் வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் ஜெயசுதா அவளுக்கு ‘அக்கா’ ஆகிவிட்டாள். ராஜாம்பாள் மட்டும் ‘மேடம்’. மரியாதைக் குறைவு என்று எவரும் சொல்ல முடியாத சொல் அது. அதனாலேயே அது கூடுதலாக உறுத்தியது. கலைமதியிடம் ஸ்கூட்டர் இருந்தது. மாலையில் ஜெயசுதாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவள் செஞ்சிப் பேருந்து நிலையம் வரை போன நாள்களில், ராஜாம்பாள் அதே வழியைத் தனியே நடந்து கடந்தாள்.

பேருந்து மட்டும் இன்னும் அவளுடையதாக இருந்தது. காலையில் அவள் அவலூர்பேட்டையில் ஏறுவாள். பக்கத்து இருக்கையில் தன் ஒயர் கூடையை வைத்துவிடுவாள். மலையனூர் தாண்டி வளத்தியில் ஜெயசுதா ஏறுவாள். கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். மஞ்சளும் பச்சையுமான அந்தக் கூடை இருக்கும் இடத்தில் வேறெவரும் உட்காரக் கூடாது என்பது நடத்துநர்களுக்கே தெரியும்.

பிற்பகலில் ஆதவன் வந்தான். இணைய வேலைகளைப் பார்க்கும் ஒப்பந்த ஊழியன். பேசிக்கொண்டே தட்டச்சு செய்பவன்.

“ஆல்டர்நேட்டு ஜெயசுதா மேடம்தானே? நானே அடிச்சிட்டேன்.”

“அழிங்க.”

“ஆங்?”

“அழிச்சிட்டு சூப்ரண்டு பேரப் போடுங்க.”

ஆதவன் குரலைத் தாழ்த்தினான். “மேடம், சாருக்கு மவுச எந்தக் கையில புடிக்கணும்னே தெரியாது.”

“பதவியில பெரியவரு. போடுங்க.”

கண்காணிப்பாளர் தாண்டவராயன் செய்தி கேட்டுத் தாமே எழுந்து வந்து சீட்டைப் பார்த்தார். “இந்த ஆஃபீஸ்லயே என்ன நம்பி ஒரு பொட்டிய எழுதிவச்சது நீ ஒருத்திதாம்மா. ஆனா ஒண்ணு. நீ லீவு போட்டா அன்னிக்கி நானும் லீவு போட்டுருவேன்.”

அன்று மாலை பேருந்தில் ஜெயசுதா கேட்டாள்: “உனக்கு யாரப் போட்ட?”

“சூப்ரண்ட.”

ஏன் என்னைப் போடவில்லை என்று அவள் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெயரைச் சொல்லிக் காத்திருந்தாள் ராஜாம்பாள். கொஞ்சம் முகம் வாடினால்கூடப் போதும். ஜெயசுதாவோ வாய்விட்டுச் சிரித்தாள்.

“நல்ல ஆளாத்தான் புடிச்ச. சரி, அமாவாசைக்கு எலுமிச்சம்பழ மாலைய நானே கட்டியாந்துடுறேன். போன மாசம் மாதிரி கடைகடையா வெல கேட்டுக்கினு நிக்காத.”

ராஜாம்பாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலைக்குக் கலைமதி, சவாரிக்குக் கலைமதி. கோயிலுக்குத் துணைபோக மட்டும் நானா? அந்த நினைப்பு வீடு சேரும்வரை அவளோடு வந்தது. சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதும் எதிரே உட்கார்ந்திருந்தது.

மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க அமாவாசைதோறும் இருவரும் ஒன்றாக விடுப்பெடுப்பது பழைய வழக்கம். அவர்களுடைய தற்செயல் விடுப்பில் பெரும்பகுதி அம்மனுக்கே போய்விடும். லீவுக் கடிதத்தில் அம்மனையே கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாதா என்று தாண்டவராயன் கேலிசெய்வார். வளத்தியிலிருந்து ஜெயசுதா எதிர்த்திசையில் வந்து மலையனூரில் இறங்கிப் பூக்கடை ஓரமாக நிற்பாள். அவலூர்பேட்டைப் பேருந்திலிருந்து ராஜாம்பாள் இறங்குவாள். கூட்டத்தில் கைகோத்துக்கொண்டு போவார்கள்.

அந்த அமாவாசைக்கு ராஜாம்பாள் விடுப்புக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை ஜெயசுதாவிடம் சொல்லவுமில்லை. காலையில் வழக்கம்போல் பேருந்தில் ஏறி, பக்கத்தில் கூடையை வைத்துக்கொண்டாள்.

மலையனூரில் பேருந்து நின்றது. பூக்கடை ஓரத்தில் ஜெயசுதா நின்றிருந்தாள். வாழையிலையில் பொதிந்த மாலை கையில் இருந்தது. அவள் முன்படியைப் பார்த்தாள், பின்படியைப் பார்த்தாள், இறங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். ராஜாம்பாள் குனிந்து, கூடைக்குள் எதையோ தேடுகிறவளைப் போலத் தலையைப் புதைத்துக்கொண்டாள். எழுந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நிற்கட்டும் என்றிருந்தது. தனியே நிற்பது எப்படி என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும். நடத்துநர் விசிலடித்தார்; பேருந்து நகர்ந்தது. வளத்தி வரும்வரை ராஜாம்பாளின் நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. அது வெற்றி பெற்றவளின் படபடப்பு என்றே அவள் எண்ணிக்கொண்டாள்.

கணக்குப் பிரிவில் ஜெயசுதாவின் நாற்காலியில் கலைமதி உட்கார்ந்திருந்தாள். முதுகுவலிக்காக ஜெயசுதா வைத்திருக்கும் சிறு தலையணையில் சாய்ந்துகூட இருந்தாள்.

“சாஞ்சிக்க சௌகரியமா இருக்குதா?” என்று வாசலில் நின்றே கேட்டாள் ராஜாம்பாள்.

கலைமதி திடுக்கிட்டு எழுந்தாள். “மேடம், நீங்க இன்னா இங்க? இன்னிக்கி அமாவாசையாச்சே.”

“ஏன், நான் வேலைக்கி வரக்கூடாதுன்னு ஆர்டர் போட்டிருக்குதா?”

“அதுக்கில்ல மேடம். இந்தச் சம்பளக் கணக்கு எனக்கு சுத்தமா வரல. நீங்கன்னா பட்டுனு முடிச்சிருப்பீங்க. அதான் அன்னிக்கே அக்காகிட்ட உங்க பேரப் போடச் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க.”

“எதுக்கு சிரிப்பு?”

“‘நான் லீவுன்னா ராஜியும் லீவுதாண்டி. நாங்க ரெண்டு பேரும் மலையனூர்ல நிக்கும்போது இங்க பொட்டிய யாரு தொறக்கிறது, உங்க நைனாவா’ன்னாங்க. அதனாலதான் எம்பேரு. நீங்களும் அதனாலதான் சூப்ரண்டு பேரப் போட்டீங்கன்னு நெனச்சேன்.”

ராஜாம்பாள் வேப்பமரத்தடிக்குப் போய் ஜெயசுதாவை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. நேரே தாண்டவராயனிடம் போய், அரைநாள் விடுப்பு வேண்டும் என்றாள்.

“போய்ட்டு வா. ஆனா செமஸ்டர் மார்க்கெல்லாம் இன்னிக்கி ஏத்தியாவணுமே. ஆல்டர்நேட்டு நான்தானே? வா, எங்க அமுக்கணும்னு காட்டு.”

அவர் அவளுடைய இருக்கையில் அமர்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, விரலை நீட்டினார். திரை இருண்டது.

“கரண்டு போச்சும்மா.”

“நீங்க ஆஃப் பண்ணிட்டீங்க சார்.”

மறுபடி காட்டினாள், மறுபடி இருண்டது. மூன்றாம் முறை அவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். மாலைவரை மதிப்பெண்களை ஏற்றினாள். வேறு எவர் பெயரைச் சொல்லியிருந்தாலும் இந்நேரம் மலையனூரில் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை கூடை அதன் இடத்தில் இருந்தது. வளத்தியில் ஜெயசுதா ஏறினாள், கூடையைப் பார்த்தாள், முன்பக்கம் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியின் அருகே போய் அமர்ந்துகொண்டாள். செஞ்சி வரும்வரை அவளுடைய பின்கொண்டையை மட்டுமே ராஜாம்பாளால் பார்க்க முடிந்தது.

இறங்கியதும் ஓடிப்போய்ப் பிடித்தாள். “சுதா, நேத்து போன் பண்ணேன், எடுக்கவே இல்லியே.”

“ஆமா, எடுக்கல.”

“திடீர்னு மார்க்கு வேல வந்துடுச்சு. சொல்ல முடியாமப் போச்சு...”

“ஜன்னல்ல கூடையப் பாத்தேன் ராஜி.” ஜெயசுதாவின் குரலில் சூடு இல்லை. “அது நான் பின்னிக் குடுத்த கூட. எனக்குத் தெரியாதா? நீ குனிஞ்சதையும் பாத்தேன். ஒருவேள அடுத்த பஸ்ல திரும்பி வருவன்னு மத்தியானம் வரைக்கும் நின்னேன்.”

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. “உன் சீட்டுல அவ பேரப் போட்டிருந்தியே” என்றாள் ராஜாம்பாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

ஜெயசுதா தோள்பையைச் சரிசெய்துகொண்டாள்.

“இவ்ளோதானா? மாத்திட்டாப் போச்சு.”

சொன்னபடியே மாற்றிவிட்டாள். அன்று நண்பகலுக்குள் ஆதவன் புதுச் சீட்டு ஒட்டினான். அதில் இரண்டாம் வரியில் ‘மாற்றுப் பயனர்: ராஜாம்பாள்’ என்றிருந்தது. பார்க்க வந்த ராஜாம்பாளுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அப்போது ஜெயசுதா, எவரையும் குத்திக்காட்டாத சாதாரணக் குரலில் சொன்னாள்: “இனிமே அமாவாசைக்கி நீ ஆஃபீஸ்லதானே இருக்கப் போற. அதான் சரியா வரும்.”

அதன் பிறகு இருவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. ஜெயசுதா பேசினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், ‘மாலை கட்டியாறேன்’ என்று மட்டும் சொல்லவில்லை. கலைமதி நாள்தோறும் வளத்தி வழியாகச் சுற்றி, ஜெயசுதாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வரத் தொடங்கினாள். பேருந்தில் ராஜாம்பாள் சில நாள்கள் கூடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, நிற்கிறவர்களின் முணுமுணுப்புக்கு அஞ்சி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த அமாவாசை வந்தது. ராஜாம்பாள் தன் வேலையை முடித்துவிட்டுக் கணக்குப் பிரிவுக்குப் போய், ஜெயசுதாவின் நாற்காலியில் அமர்ந்து, கணினியைத் திறந்தாள். தலையணை முதுகுக்கு இதமாக இருந்தது. உதவித்தொகைப் பிரிவில் கலைமதியின் நாற்காலி காலியாகக் கிடந்தது. வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் வெயில் விழுந்திருந்தது. இந்நேரம் அந்த ஸ்கூட்டர் மலையனூரில் பூக்கடை ஓரமாக நிற்கும். கூட்டத்தில் அந்தப் பெண், ஜெயசுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். விலை கேட்கத் தெரியாமல் ஏமாறுவாள். ஜெயசுதா அவளைத் திட்டிக்கொண்டே சிரிப்பாள். எல்லாவற்றையும் ராஜாம்பாளால் பார்க்க முடிந்தது. ஓர் எழுத்தும் தட்டச்சு செய்ய முடியவில்லை.

தாண்டவராயன் அந்த வழியாகப் போனவர் நின்றார்.

“இன்னாம்மா, எப்பவும் அமாவாசைன்னா ரெண்டு பேரா போவீங்க. இந்தத் தரம் ஒருத்திதான் போயிருக்கா போல.”

ராஜாம்பாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டு பேராத்தான் சார் போயிருக்காங்க” என்றாள்.